கேட்டமரான் வேற, கட்டுமரம் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கேட்டமரான்ங்கற இங்கிலீஷ் வார்த்தையப் பத்தி (இன்னைக்கு அதுக்கு ரெட்டைப் படகுன்னு அர்த்தம்) ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. உலகத்துக்கு ரெட்டைப் படகு செஞ்சு குடுத்ததே தமிழன்தான், சோழர்கள் அஞ்சாம் நூற்றாண்டுலயே கட்டுமரத்துல ஏறிப் போயி கிழக்காசியாவையே புடிச்சாங்கன்னு எல்லாம் எழுதியிருந்துச்சு. எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஆளாளுக்கு அந்தப் பக்கத்த போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க. நாங்க நாகப்பட்டினம் பக்கம் கடலோரக் குடும்பம், எங்க அப்பா, தாத்தா எல்லாருமே கட்டுமரத்துல மீன்புடி தொழிலுக்குப் போனவங்க. கட்டுமரத்தப் பத்தி ஒரு முழுப் பக்கம் வந்தது எனக்கு சந்தோசம்தான், ஆனா அதுல சொன்ன பெருமை நம்மளோடது இல்ல, நம்மளோட பெருமை அதுல ஒரு வரி கூட வரல. அதுக்காகத்தான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

முதல்ல கட்டுரையில சரியா இருக்குறத சொல்லிடுறேன். கேட்டமரான் தமிழ்லருந்து போன வார்த்தை, அதுல சந்தேகமே இல்ல. கட்டு, மரம், ரெண்டும் சேர்ந்து கட்டுமரம். எந்த நல்ல இங்கிலீஷ் அகராதிய எடுத்தாலும் தமிழ்னு தெளிவா போட்டிருக்கும், 1886-ல யூலும் பர்னெலும் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலயே இது இருக்கு. அதுல எடுத்துக் காட்டியிருக்குற பழைய குறிப்புகள்ல ஒண்ணு காஸ்பரோ பால்பிங்கற இத்தாலிக்காரரோடது, 1583. ஏழு உருண்டை மரத்த சேர்த்துக் கட்டியிருக்காங்க, நடுவுல உள்ளது மத்ததவிட நீளமா முன்னாடி நீட்டிக்கிட்டு தண்ணியக் கிழிக்குதுன்னு எழுதிட்டு, அதுக்குப் பேரு கத்தமெரோனின்னு அவர் காதுல விழுந்த மாதிரி எழுதி வச்சிருக்காரு. மரத்தோட கடைசி மகரம் ஐரோப்பாக்காரங்க கையில னகரமா மாறிருச்சு, நம்ம 'ட்டு' அவங்க நாக்குல நிக்கவே இல்ல.

இங்கிலீஷ்ல அந்த வார்த்தைய ஊரறிய செஞ்சவரு வில்லியம் டாம்பியர்னு ஒரு கப்பல்காரர், அவரோட பயணப் புத்தகம் 1697-ல வந்துச்சு. சோழமண்டலக் கரையில இதுக்குப் பேரு கேட்டமரான், லேசான மரம், ஒரு மரம்தான், சில சமயம் ரெண்டு, ஒரே ஆள் போற அளவுதான் இருக்கும், போறவனோட காலும் பின்பக்கமும் எப்பவும் தண்ணிக்குள்ளதான் கிடக்கும்னு சொல்றாரு. இந்த 'சில சமயம் ரெண்டு'ங்கறத புடிச்சுக்கிட்டுதான் பல பேரு ரெட்டைப் படகு நம்மகிட்டருந்து போச்சுன்னு சொல்றாங்கன்னு நான் நினைக்கிறேன். ஆனா அவர் சொல்றது ஒண்ணோட ஒண்ண ஒட்டி இறுக்கிக் கட்டுன ரெண்டு மரம், நடுவுல இடம் விட்டு தனித்தனியா மிதக்குற ரெண்டு படகு இல்ல. காலு தண்ணியில கிடக்குதுன்னு அவரே சொல்றப்ப அது எந்த மாதிரி சாமான்னு சந்தேகமே வரக்கூடாது.

இந்த வார்த்த ஏன் இவ்வளவு சுலபமா இங்கிலீஷ்க்குள்ள போயி உக்காந்துச்சுன்னு கேட்டீங்கன்னா அதுக்குக் காரணம் மெட்ராஸ் கரை. 1870-கள்லதான் அங்க துறைமுகமே கட்ட ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் கப்பலெல்லாம் கரையிலருந்து தள்ளி ஆழத்துல நங்கூரம் போட்டு நிக்கணும், நடுவுல அடுக்கடுக்கா அலை உடையுற இடத்த இங்கிலீஷ்காரன் படகால தாண்ட முடியாது. ஆளையும் சரக்கையும் கயித்தால தைச்ச மசூலா படகுல எறக்குவாங்க, அதுக்குக் கூடவே கட்டுமரக்காரங்க போவாங்க, எவனாவது அலையில தவறி விழுந்தா பாஞ்சு தூக்குறது இவங்கதான், அப்படி உயிரக் காப்பாத்துனவங்களுக்கு மெடல் குடுத்திருக்காங்க. படகே எறக்க முடியாத நாள்ல கூட கரைக்கும் கப்பலுக்கும் கடிதாசி கொண்டு போனது கட்டுமரம்தான், தலையில கூம்பா ஒரு தொப்பி, அதுக்குள்ள கடிதாசிய நனையாம சொருகி வச்சுக்கிட்டு போவாங்களாம். அப்ப ஒரு வெள்ளைக்காரன் மெட்ராஸ்ல கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அவன் கண்ணுல படுறது கட்டுமரம், அவன் ஊருக்கு எழுதுற முதல் லெட்டர்லயே அந்தப் பேர் வந்துரும்.

இப்ப கட்டுமரம்னா என்னன்னு சொல்லணும், ஏன்னா கட்டுரையில படம் கூட ஒரு சொகுசுப் படகோட படம்தான் இருந்துச்சு. மூணுலருந்து ஏழு மரம் வரைக்கும் இருக்கும், எடத்துக்கும் தொழிலுக்கும் தகுந்த மாதிரி, எங்க பக்கம் கோலா மீனுக்குப் போற மரம் பெருசு. கனம் கம்மியான மரமா பாத்து மலைப்பக்கத்துலருந்து கொண்டு வருவாங்க. அணியம், அதாவது முன்பக்கம், கூர்மையா மேல தூக்குன மாதிரி செதுக்கியிருப்பாங்க, அமரம், அதாவது பின்பக்கம், அகலமா இருக்கும், நடு மரம் கொஞ்சம் தாழ்ந்து நிக்கும். ஆணியே கிடையாது. ரெண்டு பக்கமும் குறுக்க ஒரு கட்டை வச்சு தென்னங்கயித்தால சுத்தி இறுக்குவாங்க, அவ்வளவுதான், மொத்த சூட்சுமமும் அந்தக் கட்டுலதான் இருக்கு. (கயிறுங்கறதும் மலையாளம் வழியா காயர்னு இங்கிலீஷ்க்குப் போனதுதான், அத யாரும் சொல்றதே இல்ல.) தொழில் முடிஞ்சு கரைக்கு வந்த உடனே கட்ட அவுத்து மரத்த தனித்தனியா மணல்ல போட்டுருவாங்க, ஈர மரம் காயணும், காயாம திரும்பத் திரும்ப போனா தண்ணி குடிச்சு கனத்துரும், மிதப்பு கொறைஞ்சுரும். அவுத்த மரத்த ஆளுக்கு ஒரு முனையா தோள்ல தூக்கிட்டு மேட்டுக்கு போறத பாத்திருக்கேன், மரம் கீழ விழுந்தா வர்ற சத்தத்த வச்சே காஞ்சிருச்சா இல்லையான்னு எங்க அப்பா சொல்லிருவாரு.

இதுக்கு உள்பக்கம்னு ஒண்ணே இல்ல. அதுதான் முக்கியம். மத்த எந்தப் படகா இருந்தாலும் ஒரு குழி மாதிரி, அதுக்குள்ள தண்ணி வரக்கூடாது, வந்தா எறைக்கணும், எறைக்க முடியலன்னா முழுகும். கட்டுமரத்துல அலை மேல ஏறி அடிச்சாலும் மரத்துக்கு மரம் உள்ள சந்து வழியா அடுத்த நிமிசம் தண்ணி எறங்கிடும், ரொம்பறதுக்கு எடமே இல்லைன்னா எப்படி முழுகும். குப்புறக் கவுந்தாலும் ரெண்டு பேர் சேர்ந்து தண்ணியிலயே நின்னு பெரட்டிப் போட்டு மேல ஏறிக்கலாம். சோழமண்டலக் கரையில ஒதுங்க இயற்கையான குடா ரொம்ப கம்மி, நேரா தொறந்த கடலு, கொண்டல் காத்து அடிக்குற காலத்துல அலை உடையுற எடத்த தாண்டி வெளிய போகணும், அதே அலையில ஏறி திரும்பி வந்து மணல்ல முட்டணும், அதுக்குன்னே இந்தக் கரை யோசிச்சு செஞ்ச சாமான் இது. போறவனுக்கு நாள் முழுக்க ஈரம்தான், உக்கார நிழல் கிடையாது, ஆனா வீடு வந்து சேருவான்.

ரெட்டைப் படகு இதுக்கு நேர் எதிரான யோசனை. ரெண்டு ஒல்லியான படகு, நடுவுல இடைவெளி, மேல தளம் போட்டு சேர்த்துருவாங்க. ஒல்லியா இருக்குறதால தண்ணிய சுலபமா கிழிச்சுக்கிட்டு போகும், வேகம் வரும், மொத்த அகலம் அதிகமா இருக்குறதால அடியில ஈயக்குண்டு இரும்புக்குண்டு கட்டாமலே சாயாம நிக்கும். ஆனா ஒரு தடவ தலைகீழா போயிருச்சுன்னா அதே அகலத்தால தலைகீழாவும் அசையாம நிக்கும், பெரிய சைஸ்ல இருந்தா ஆளுங்களால நிமித்த முடியாது. இந்த யோசனைக்கு சொந்தக்காரங்க பசிபிக் தீவுக்காரங்க. பாலினேசியா முழுக்க மக்கள் குடியேறுனதே பெரிய ரெட்டைப் படகுலதான்னு சொல்வாங்க, 1976-ல ஹவாய்லருந்து தாஹிட்டி வரைக்கும் ஹோகுலேயாங்கற ரெட்டைப் படகுல திசைகாட்டி கூட இல்லாம நட்சத்திரத்தயும் அலையையும் பாத்தே போயி நிரூபிச்சும் காட்டுனாங்க. அவங்க பாஷையில அதுக்கு அவங்க பேரு இருக்கு. அவங்க சொத்த நம்ம சொத்துன்னு சொல்லிக்கிறது எனக்கு மனசுக்கு ஒப்பல சார், அவங்களும் நம்மள மாதிரி கடல நம்பி பொழச்ச சனங்கதான்.

இன்னொரு ஆதாரம் பாருங்க. இங்கிலாந்து தரப்புல வில்லியம் பெட்டிங்கறவரு 1662-லயே அயர்லாந்துல ஒரு ரெட்டை உடம்புப் படகு கட்டி ஓட்டிக் காட்டுனாரு. டாம்பியர் புத்தகம் வர்றதுக்கு 35 வருசம் முன்னாடி. அத யாரும் கேட்டமரான்னு கூப்பிடல. கேப்டன் குக் பசிபிக்ல பாத்ததையும் ரெட்டைத் தோணின்னுதான் எழுதுனாங்க. அப்ப சாமான் முதல்லயே இருந்துச்சு, வார்த்தை தனியா நம்மகிட்டருந்து போச்சு, ரெண்டும் ஒட்டிக்கிட்டது ரொம்பப் பின்னாடி. நதானியல் ஹெரஷாஃப்னு அமெரிக்கப் படகுக் கலைஞர் 1876-ல அமரில்லிஸ்னு ஒரு ரெட்டைப் படகு கட்டி நியூயார்க் போட்டியில மத்த எல்லாரையும் தூக்கி சாப்பிட்டாரு, எதிராளிங்க இது நியாயமில்லன்னு எதிர்ப்பு தெரிவிச்சதுல அந்தப் படகையே போட்டியில சேர்க்க மாட்டோம்னுட்டாங்க, அடுத்த வருசம் அவரு பேட்டண்ட் வாங்குனாரு. அந்தக் காலத்துலருந்துதான் கேட்டமரான்னா ரெட்டைப் படகுங்கற அர்த்தம் ஊன்றி நிக்குது.

அதுக்கு நடுவுல இந்த வார்த்தை சுத்துன சுத்து இருக்கே, அதத்தான் கட்டுரையில எழுதியிருக்கணும். 1804 அக்டோபர்ல பிரெஞ்சுக்காரங்க பூலோன் துறைமுகத்துல படை சேர்த்து வச்சிருந்தப்ப, இங்கிலீஷ் கடற்படை ராபர்ட் ஃபுல்டன் யோசனைப்படி வெடிமருந்து அடைச்ச நீளப் பெட்டிங்கள கடிகார விசை வச்சு மிதக்க விட்டாங்க, அந்த வெடிப்பெட்டிக்குப் பேரு கேட்டமரான். பெரிய சேதம் ஒண்ணும் ஆகல. கப்பலுக்கும் துறைமுகச் சுவருக்கும் நடுவுல இடிச்சுக்காம இருக்க போடுற மரத்தெப்பத்துக்கும் கடற்படையில கேட்டமரான்னுதான் பேரு, எனக்குத் தெரிஞ்சு நம்ம அர்த்தத்துக்கு ரொம்ப கிட்ட நிக்கிறது அதுதான். கனடாவுல நியூஃபவுண்ட்லாந்துல பனி மேல வெறகு இழுத்துட்டு வர்ற சறுக்கு வண்டிக்கு கேட்டமரான்னு சொல்றாங்க, கடலே சம்பந்தம் இல்ல. பழைய இங்கிலீஷ் கதைங்கள்ல சண்டைக்காரப் பொம்பளைய திட்டுறதுக்கும் இதே வார்த்தை வருது, முன்னாடி இருக்குற கேட்ங்கற சத்தம் அவங்களுக்கு பூனைய ஞாபகப்படுத்தியிருக்கும்னு நான் நினைக்கிறேன்.

இன்னைக்கு படகுக்காரங்க பேச்சுல அது வெறும் கேட். எஞ்சின் வச்சா பவர் கேட். ஒலிம்பிக்ல 1976-லருந்து 2008 வரைக்கும் டார்னடோன்னு ஒரு ரெட்டைப் பாய்ப்படகு வகை இருந்துச்சு, 2016-லருந்து நாக்ரா 17. அமெரிக்கா கோப்பைன்னு ஒரு பெரிய பாய்ப்படகுப் போட்டி, 2013-ல அதுவே இந்த வகையிலதான் நடந்துச்சு. பயணிகள் கப்பல்லயும் வந்துருச்சு, டாஸ்மேனியாவுல கட்டுன ஹோவர்ஸ்பீட் கிரேட் பிரிட்டன்ங்கற கேட்டமரான் 1990-ல அட்லாண்டிக்க மூணு நாள் எட்டு மணி நேரத்துக்குள்ள தாண்டுச்சு. நம்ம நாட்டுலயும் கடற்படையோட சர்வே கப்பல் ஐஎன்எஸ் மகர், 2012-ல சேர்ந்தது, கேட்டமரான்தான். 2023-ல ஆரம்பிச்ச கொச்சி வாட்டர் மெட்ரோ போட்டும் அதே வகைதான்.

ரெண்டு போதாதுன்னு மூணு உடம்பு வச்சு ஒரு படகு செஞ்சாங்க, அதுக்கு டிரைமரான்னு பேர் வச்சாங்க, அஞ்சு வச்சா பென்டாமரான். அவங்க அந்த வார்த்தைய 'கேட்டா', 'மரான்'னு ரெண்டா பிரிச்சு மரான்னா படகுன்னு எடுத்துக்கிட்டாங்க. நம்ம கட்டு அதுல காணாமப் போச்சு, ஆனா தெரியாமலே 'மூணு மரம்'னு சொல்லிட்டாங்க பாருங்க, எங்க கரையில மூணு மரம்னா அதுவே ஒரு சின்னக் கட்டுமரத்தோட கணக்கு! எனக்கு இது படிக்கிறப்பல்லாம் ஆச்சரியமா இருக்கும். இன்னொண்ணு, தொழில்ல இருக்குறவங்க கட்டுமரம்னு முழுசா சொல்றது கம்மி, மரம்னுதான் சொல்வாங்க, மரம் தள்ளியாச்சா, மரம் வந்துருச்சா, அவன் மரத்துலதான் இருக்கான், இப்படி. வெளிநாட்டுக்காரன் கேட் கேட்ன்றான், நாங்க மரம் மரம்ன்றோம், ஆளுக்குப் பாதி.

சோழர் விசயம். அஞ்சாம் நூற்றாண்டுல கடல் கடந்து படையெடுக்குற அளவுக்கு சோழப் பேரரசே இல்ல, அத ஆரம்பிச்ச விசயாலயன் வர்றதே ஒம்பதாம் நூற்றாண்டுல. கடாரம் போனது ராசேந்திர சோழன், 1025. அவரோட மெய்க்கீர்த்தியே 'அலைகடல் நடுவுட் பலகலஞ் செலுத்தி'ன்னுதான் சொல்லுது. கலம், அதாவது கப்பல். யானை, குதிரை, ஆயுதம், மாசக்கணக்குல சாப்பாடு, தண்ணி இதெல்லாம் ஏத்துற படை, காலு தண்ணியில தொங்குற கட்டுமரத்துல எப்படிப் போகும்? தமிழ்ல கடல் வண்டிக்குப் பேருக்கா பஞ்சம், சங்கப் பாட்டுலயே திமில், அம்பி, தோணி, நாவாய், வங்கம், பஃறின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலை இருக்கு. மீன்புடிக்கு திமில், பொருள் ஏத்திக்கிட்டு தூரதேசம் போக நாவாய், வங்கம். இத்தனையும் வச்சிருந்தவங்கள கட்டுமரத்துல கடாரத்துக்கு அனுப்புனோம்னு சொன்னா அது சோழன் கப்பல் கட்டுனவங்களுக்கும் பெருமை இல்ல, கட்டுமரம் கட்டுனவங்களுக்கும் பெருமை இல்ல. இந்தத் தகவல் நெட்ல ரொம்ப நாளா சுத்திக்கிட்டு இருக்கு, பேப்பர்ல வந்துட்டா அதுக்கு முத்திரை குத்துன மாதிரி ஆயிடும், நாளைக்கு ஸ்கூல் புள்ளைங்க கட்டுரைப் போட்டியில இதத்தான் எழுதும்.

உங்ககிட்ட நான் கேக்குறது எழுத்து சம்பந்தப்பட்டது. வெளிநாட்டுச் செய்தி வர்றப்ப கேட்டமரான்ங்கறத நம்ம டெஸ்க்ல கட்டுமரம்னே மொழிபெயர்த்துடுறாங்க, அகராதியிலயும் அப்படித்தான் இருக்கு, அவங்கள குத்தம் சொல்ல முடியாது. ஆனா சுற்றுலாப் பயணிகள் நூறு பேரோட போன கட்டுமரம் கவிழ்ந்ததுன்னு போட்டா எங்க சனங்களுக்கு என்ன புரியும், நூறு பேர் எப்படி மரத்துல ஏறுனாங்கன்னுதான் கேப்பாங்க. இன்னொரு பக்கம் கேட்டமரான்னே தமிழ்ல எழுதுறீங்க, நம்ம வீட்டுலருந்து போன வார்த்தை அடையாளம் தெரியாம திரும்பி வருது. ரெண்டுமே வேணாம்னு சொல்றேன். ரெண்டு உடம்பு படகுக்கு இரட்டைப் படகுன்னு எழுதுங்க, எல்லாருக்கும் பாத்த உடனே புரியும். கட்டுமரம்ங்கற வார்த்தைய கட்டுமரத்துக்கே விட்டுடுங்க. வார்த்தை வரலாறு சொல்றப்ப மட்டும் கேட்டமரான்னு போட்டு, தமிழ்லருந்து போச்சு, அர்த்தம் மாறிருச்சுன்னு ஒரு வரி சேர்த்தா போதும்.

இதுல ஏன் இவ்வளவு அழுத்தமா நிக்கிறேன்னா, கட்டுமரம் இன்னும் செத்துப் போகல, ஆனா ரொம்ப கொறைஞ்சு போச்சு. ஃபைபர் போட்டு முன்னாடியே வந்துருச்சு, 2004 சுனாமிக்கு அப்புறம் நிவாரணமா கரை முழுக்க ஃபைபர் போட்டா குடுத்தாங்க, மரத்துல போனவங்க பெரும்பாலும் அதுக்கு மாறிட்டாங்க. மாறுனது தப்பில்ல, எஞ்சின் வச்சா தூரம் போகலாம், ஒடம்பு நோகாது, எங்க அண்ணன் கூட இப்ப ஃபைபர்தான். ஆனா மரத்தப் பாத்து வாங்கத் தெரிஞ்சவங்க, அணியம் செதுக்கத் தெரிஞ்சவங்க, எந்த அலைக்கு எந்தக் கட்டு போடணும்னு கையிலயே வச்சிருக்குற பெரியவங்க கொஞ்சப் பேருதான் இருக்காங்க, எல்லாருக்கும் வயசாகுது. சோழன் பேர சொல்லி ஒரு பக்கம் நிரப்புனதுக்கு, இவங்கள்ல ஒருத்தர கரையில உக்கார வச்சு, கட்டு எப்படிப் போடுறதுன்னு படத்தோட ஒரு பக்கம் போட்டிருந்தீங்கன்னா உலகத்துல வேற எந்தப் பேப்பர்லயும் வராத விசயமா இருந்திருக்கும்.

நீங்க நிருபர அனுப்புறதா இருந்தா நான் கூட்டிட்டுப் போறேன். விடிகாலையில வரச் சொல்லுங்க, வெயில் ஏறுனதுக்கு அப்புறம் வந்தா மரத்த எல்லாம் அவுத்துப் போட்டிருப்பாங்க.

இப்படிக்கு,
பல வருச வாசகர்,
நாகப்பட்டினம் மாவட்டம்